நனைந்த கம்பளி

“பிள்ளையோட அம்மா எங்க?” என்று எடைப் பதிவேட்டிலிருந்து நிமிராமலே கேட்டாள் சத்துணவு மையத்து எலுவியா.

“தலைநகரத்துல வீட்டு வேலை பார்க்குறா. கூப்பிடட்டுமா? கொஞ்சம் சத்தமாக் கூப்பிடணும்.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எலுவியா நிமிர்ந்தாள். மழையில் தொப்பலாக நனைந்த இளைஞன்... முதுகில் கட்டிய துணிக்குள் ஒரு பொடியன். குவாத்தமாலாவின் அந்த மலையூரில், குழந்தையை எடை போட ஆண்கள் வருவதே கிடையாது. அதுவும் இப்படிச் சிரிக்கிற கண்களை வைத்துக்கொண்டு...

“நான் காஸ்பர். இவன் தினோ, அக்கா பையன்.”

“கம்பளியைக் கழட்டுங்க.”

அவன் முகம் இறுகியது. “மாட்டேன். இத்தனை பேர் முன்னாடி வெறும் உடம்பைக் காட்டினா கண்ணு பட்டுடும். அக்கா சொல்லிட்டுத்தான் போனா.”

கண்ணேறு பயம் எலுவியாவுக்குப் புதிதல்ல. தாய்மார்களிடம் மல்லுக்கு நின்றாவது கழற்ற வைத்துவிடுவாள்.

“அப்ப மழையையும் சேர்த்தா நிறுக்கச் சொல்றீங்க?”

“மழைக்கும் சத்துமாவு தருவீங்களா டீச்சர்?”

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு எங்கே கண்டிப்பது? கம்பளியோடே தொங்குதராசில் மாட்டினாள். முள் நல்ல இடத்தில் போய் நின்றது.

“நல்லா இருக்கான். மாவு மெலிஞ்ச பிள்ளைங்களுக்குத்தான், இவனுக்கு வேண்டாம்.”

அடுத்த மாதமும் மழை, அதே கம்பளி, அதே கேலி. காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முள்ளைப் பார்க்க நேரம் எங்கே இருந்தது...

அதற்கடுத்த மாதம் அவன் வரவில்லை. என்னவோ போலிருந்தது. வேலை முடிந்ததும், பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சோளக்கொல்லை வழியாக அவன் வீட்டுக்கு ஏறினாள்.

அடுப்படியில் காஸ்பர் தினோவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கம்பளியில்லாத தினோவை அவள் அன்றுதான் பார்த்தாள். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. புட்டத்தில் தோல் சுருங்கித் தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோளில் மாட்டியிருந்த மாவுப் பையை இறக்கி வைத்தாள்.

“காச்சலா இருந்தான், அதான் வரல” என்று சிரித்தபடி எழுந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

“நான் இவனை நிறுக்கலைங்க. நனைஞ்ச கம்பளியைத்தான் நிறுத்தேன். முதல் நாளே இவனுக்கு மாவு கிடைச்சிருக்கணும்.”

“தெரிஞ்சே விட்டீங்களா?”

“மத்தவங்கன்னா விட்டிருக்க மாட்டேன். உங்களோட சண்டை போட மனசு வரல. திரும்ப வராமப் போயிடுவீங்களோன்னு...”

அவன் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். “உங்க மாவும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். போங்க.”

எலுவியா போகவில்லை. பையிலிருந்த மாவை எடுத்து அவன் அடுப்பிலேயே கெட்டியாகக் கிண்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆறவைத்துக் கரண்டியில் நீட்டினாள். தினோ வாயைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு வாய்... பிறகு இன்னொரு வாய்.

காஸ்பர் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

“எனக்கும் தெரியும். தூக்கும்போதெல்லாம் தெரிஞ்சுது, லேசாயிட்டே வரான்னு. நீங்க நல்லா இருக்கான்னு சொன்னீங்க. கேக்க சந்தோஷமா இருந்துச்சு. அதை ஏன் கெடுத்துக்கணும்னு பேசாம இருந்துட்டேன்.”

வெளியே தூறல் ஆரம்பித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள் எலுவியா மெல்ல. “சொல்லவே கூசுது. இவன் வாயில போக வேண்டியதை எடுத்துத்தான் ரெண்டு பேரும் சிரிச்சிருக்கோம்.”

காஸ்பர் தினோவை அவள் மடிக்கு மாற்றினான்.

“இவன் தேறட்டும். எழுந்து நடக்கட்டும். அப்புறம் இதையே இன்னொரு தடவை சொல்லுங்க... இப்ப கேட்டா எனக்கு அழுகைதான் வருது.”