இரண்டு அணிக்கும் ஒரே நீலம்

உலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை வீரபாண்டி மைதானத்து மைக்கில் ஒலித்தது.

"அகில உலகக் கால்பந்துச் சக்கரவர்த்தி பிரதீப் அவர்கள் இன்னும் சற்று நேரத்தில் நம் மண்ணை மிதிப்பார்!"

சக்கரவர்த்தி அப்போது அதே மண்ணில் குத்தவைத்து, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

பிரதீப், மைதானத்தோரம் நின்ற சிறுமி பிரிசில்லாவின் தாய்மாமா. கோல் போடுவதுதான் வேலை. பூட்டான், நேபாளம், மியான்மர் என்று எந்த ஊர் கிளப் கூப்பிட்டாலும் பெட்டியோடு கிளம்பிவிடுவார். இப்போது யாரும் கூப்பிடவில்லை. மாலத்தீவு கிளப் ஒன்று மட்டும், 'முப்பத்து நான்கு வயதாகிவிட்டதே, இன்னும் ஓட முடிகிறதா? ஒரு ஆட்டத்தின் வீடியோவை இன்றே அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தது.

அதற்குத்தான் இந்த ஆட்டம். பக்கத்து வீட்டு முனீஸ் அண்ணன் செல்போனோடு தயாராக நின்றார்.

ஜெர்சி எல்லாம் பனியன் கம்பெனி முதலாளி மாரப்பனின் அன்பளிப்பு. முன்னால் அவர் பெயர். பின்னால் அவர் பெயர், கூடவே அவர் படம். கும்பிட்டபடி சிரிக்கும் படம்.

ஆட்டம் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு அணிக்கும் ஒரே நீலம்!

"ஒரே டிசைன்ல பிரிண்ட் ஓட்டுனா வேலை சுளுவுங்க" என்றார் மாரப்பன் பெருமையாக.

மாமா மூன்று முறை பந்தை எதிரணிக்கே கொடுத்தார். ஒருவர் தன் அணிக்காரரையே காலை வாரிவிட்டு, "மன்னிச்சுக்கங்க, நம்மாளுன்னு தெரியலீங்க" என்றார்.

இடைவேளையில் மாமா சோர்ந்து உட்கார்ந்தார். "போச்சு கண்ணு. இந்த வீடியோவப் பார்த்தா எனக்குப் பார்வை மங்கிருச்சுன்னு நினைப்பாங்க."

ஜெர்சியின் நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். பிரிசில்லா அதையே உற்றுப் பார்த்தாள். அவள் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித் தையல் பார்க்காமல் அம்மா விடமாட்டார். அந்தப் பழக்கம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா! உள்ளே வெள்ளையா இருக்குதுங்க! உங்க டீம் மட்டும் திருப்பிப் போட்டுக்கங்க!"

மாரப்பன் பதறினார். "ஐயோ, என்ற பேரு மறைஞ்சு போயிருமே! வெளிநாடு போற வீடியோ கண்ணு!"

பிரிசில்லா அவர் பக்கம் திரும்பினாள்.

"எதிர் டீம் உங்க பேரோடதானுங்க ஆடும். மாமா பந்தோட ஓடுனா அவரத் தொரத்தற அத்தனை பேர் மேலயும் நீங்கதானுங்க இருப்பீங்க."

மாரப்பனின் முகம் மலர்ந்தது. "அப்ப சரி. நல்லா தொரத்தச் சொல்லு!"

பிறகு நடந்ததுதான் ஆட்டம். வெள்ளை எது, நீலம் எது என்று தெரிந்ததும் மாமாவுக்குக் கால் முளைத்தது. ஒரு மாரப்பனை இடதுபக்கம் ஏமாற்றினார். இன்னொரு மாரப்பன் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். மூன்றாவது மாரப்பன் நான்காவது மாரப்பன்மேல் மோதினார். பந்து வலைக்குள்!

"கோல்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் மாரப்பன்தான். வீடியோவை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அன்று மாலையே வீடியோ மாலத்தீவு போனது. மறுநாள் பதில் வந்தது. மாமா பிரிசில்லாவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். தெருவே பட்டாசு வெடித்து அவரை வழியனுப்பியது.

இப்போது மாமா மாலத்தீவில், மாற்று ஆட்டக்காரர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.