வாடை நின்ற கிணறு

கொல்லயில் ஊரில் சத்யபாமா டீச்சர் வீட்டு முன்னறையில் அன்று ஐந்து பேர். சன்னலோர நாற்காலியில் டீச்சர். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எதிரே ஓமனா. அவள் புருசன் ஜெயதாஸை நேற்றுத்தான் கல்லறையில் வைத்திருந்தார்கள். அவளுக்கு வலப்பக்கம் அவள் அண்ணன் நேசையன். செத்தவனின் தம்பி ஜோஷி, பெஞ்சின் நுனியில். வாசற்படியில் ஆட்டோ ஓட்டும் ஜிஜி.

டீச்சர் துப்புத் துலக்கப் போகும் இடத்துக்கெல்லாம் ஜிஜியின் ஆட்டோதான் போகும். இன்று வந்த சங்கடமோ அவனுடைய சொந்தக் கூட்டாளி ஜோஷியுடையது. அண்ணனைக் கிணற்றில் தள்ளியதாகச் சந்தேகம், சாயங்காலம் அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போனவன் திரும்புவானா என்று ஜிஜி பயந்தான்.

"நடந்ததைச் சொல்லு மக்கா" என்றார் டீச்சர்.

ஜோஷி நிமிர்ந்தான். "ரப்பர் ஷீட்டு அடிச்ச அழுக்குத் தண்ணிய ஊத்தும்போ ஓமனா மைனி கையில இருந்து பக்கெட் பழைய கிணத்துல விழுந்துட்டு. அத எடுக்க அண்ணன் மூடிய முழுசா நீக்கினான். ஒரே கூழ்முட்டை வாடை. நான் விலகி நின்னேன். அவன் குனிஞ்சு பாத்துட்டே நின்னான். பொறவு, 'வாடை போச்சுடே'ன்னு சொல்லிக் கயித்தப் பிடிச்சு இறங்கினான். எனக்கு அப்பவும் அடிச்சுது. பாதியில கைய விட்டுட்டான். ஒரு சத்தம் இல்ல."

"கேட்டீங்களா கதைய?" நேசையன் சீறினான். "அவனுக்கு வாடை போச்சாம், இவனுக்கு அடிச்சுதாம்! ரெண்டு பேருக்கும் எல்லைத் தகராறு உள்ளதாக்கும். அண்ணன் விழுந்தப்போ இவன் இறங்கினானா?"

"பயந்துட்டேன். காலு வரல்ல."

"விஷ வாயுன்னு சொல்லித் தப்பப் பாக்கான் டீச்சர். ஷீட்டுத் தண்ணி இல்லாத வீடு எது? எங்க ஷீட்டுத் தண்ணிக் குழியில நானே இறங்கிச் சேறு வாரியிருக்கேன். செத்தா போனேன்?"

ஓமனா கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே அவளுடைய வெள்ளிக் கொலுசு, கரிபோல. "இது மனுசர் செஞ்சதில்ல டீச்சர். என்னமோ செய்வினை வச்சிருக்காவ. கிணத்தோரம் ஷீட்டு அடிக்கிற புரைக்குப் போய்ப் போய் கொலுசு இப்படி ஆச்சு. அந்த வீட்டுல என் பிள்ள சோனாவப் படுக்க வைக்கவே பயமா இருக்கு."

ஜிஜி படியில் தள்ளி உட்கார்ந்தான். டீச்சரோ கொலுசை விட்டுவிட்டு, ஓமனாவின் நைட்டி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பொறி பட்டதுபோல் அங்கே பொடிப்பொடியாய் ஓட்டைகள்.

டீச்சர் பல்பொடி போட்டுக் கொலுசை வெளுக்கத் தேய்த்தபின் எல்லோரும் ஜெயதாஸ் வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள்.

"காத்து வாற பக்கம் நில்லு ஜிஜி. மூடிய இம்மிபோல நீக்கு. குனியாதே."

"குனியவா? எனக்கு வீட்டுல பிள்ளைங்க உண்டு டீச்சர்."

நூலில் கட்டிய கொலுசை அவன் இறக்கினான். காத்திருந்து இழுத்தபோது வெள்ளி மஞ்சளித்து, தவிட்டு நிறமாகி, கறுக்கத் தொடங்கியிருந்தது. ஜிஜி நூலைப் போட்டுவிட்டுத் தென்னை மரத்தடி வரை ஓடினான்.

"எலே, பேயொண்ணும் இல்ல, வா" என்ற டீச்சர், வகுப்பெடுக்கும் குரலில் தொடர்ந்தார். "நாம ஆக்சிஜனை வச்சு மூச்சு விடுறோம். காத்து எட்டாத சேத்துல சல்ஃபேட்டை வச்சு மூச்சு விடுற பாக்டீரியா உண்டு. சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியான்னு பேரு. அதோட மூச்சுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூழ்முட்டை வாடை அடிக்கும், வெள்ளியக் கறுக்க வைக்கும், காத்தைவிட கனம் கூடுதலானதால கிணத்தடியிலேயே தங்கும்."

"அப்போ எங்க குழியில ஏன் இல்ல?" என்றான் நேசையன்.

"ரப்பர் பால் உறைய நீங்க விடுறது என்ன ஆசிட்?"

"ஃபார்மிக்."

"அதுல கந்தகம் கிடையாது. ஓமனா, உன் துணியில இத்தனை ஓட்டை போட்டது எது?"

ஓமனா நைட்டி ஓரத்தைக் கையால் மறைத்தாள். "பாட்டரிக்கு ஊத்துற ஆசிட். விலை குறைவுன்னு அவிய கொண்டு வந்தாவ. மழை தொடங்கினதுல இருந்து அதாக்கும்."

"சல்ஃபியூரிக், கந்தகம் உள்ளது. நீ ஊத்தின ஒவ்வொரு பக்கெட்டும் அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி."

"வாடை போச்சுன்னு சொன்னது?" என்று ஜிஜி அவசரப்பட்டான்.

"பொய் சொல்லுறவன் நம்புற மாதிரி சொல்லுவான். ஜோஷி நம்ப முடியாத ஒண்ணைச் சொன்னான், அதனாலதான் நம்பினேன். இந்த வாயு மிஞ்சினா மூக்கு மரத்துப் போகும். விலகி நின்னவனுக்கு வாடை இருந்தது, குனிஞ்சு நின்னவனுக்கு இல்லாமப் போச்சு. வாடை போகல்ல, ஜெயதாஸுக்கு மூக்குதான் போச்சு. இவனும் இறங்கியிருந்தா நேத்து ரெண்டு பெட்டி எடுத்திருப்போம்."

ஜோஷி அப்படியே குந்தி அழுதான்.

வீடு திரும்பியதும் டீச்சர் ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஆசிட் பற்றிய வரி வந்தபோது நேசையன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "ஓமனா பேரு வேண்டாம் டீச்சர். கேஸு அவ தலையில விழும். பிள்ளை உள்ளவளாக்கும்."

"எந்த ஆசிட், யாரு ஊத்தினான்னு இல்லாட்டா இது வெறும் கதை. ஜோஷிதான் அகப்படுவான்."

ஓமனா எழுந்து மேசையருகே வந்தாள்.

"எழுதுங்க" என்றாள் ஓமனா. "என்ன ஆசிட்டுன்னு தெரிஞ்சுதான் ஊத்தினேன், கொல்லும்னு தெரியாது. கொழுந்தன் தள்ளல்ல. என் பேரு முழுசா எழுதுங்க."

டீச்சர் எழுதினார். கிணற்று மூடியை யாரும் தொடக்கூடாது என்று கடைசி வரி சேர்த்து, கவரைப் பசை தடவி ஒட்டி ஜிஜியிடம் நீட்டினார். ஜோஷி ஆட்டோவில் ஏறிக் கம்பியைப் பிடித்தான்.

"நீங்கிக்கொடுடே" என்று அவனைத் தள்ளிப் பக்கத்தில் உட்கார்ந்தான் நேசையன். "ஸ்டேஷனுக்கு நானும் வாறேன்."

ஜிஜி கவரைச் சட்டைக்குள் செருகி ஆட்டோவைக் கிளப்பினான்.