ஆறாவது மணியின் கயிறு

கயிற்றுச் சுருளைக் காணோம்.

ஐவி மணியறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆறு மணிகளின் கயிறுகளும் கூரை ஓட்டைகள் வழியாக இறங்கி வட்டமாகத் தொங்கின. ஐந்தின் மிச்ச நீளம் தரையில் சுருண்டு கிடந்தது. இருப்பதிலேயே பெரிய மணியான ஆறாவதன் கீழே வெறும் பலகைத் தரை. ஒரு வருடமாக அந்தக் கயிற்றைச் சுவரோடு கட்டி வைத்திருந்த கம்பியை யாரோ பொறுமையாக அவிழ்த்து, மடித்து, ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள்.

மணி கவிழ்ந்து தொங்கினால் கயிறு தரையில் புரளும். மணியை வாய் மேலே பார்க்க நிமிர்த்தி நிறுத்தினால்தான் இப்படித் தரை தொடாமல் நிற்கும். நிமிர்ந்த மணி என்று தெரியாமல் இழுத்தவனை, ஒரு டன் வெண்கலம் புரண்டு கூரைவரை தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் நிமிர்த்திவிட்டுப் போகிறவர் கயிற்றில் சிவப்புப் பலகை மாட்டிவிட்டுப் போக வேண்டும். போன வருடம் அறுவடைத் திருநாளுக்கு முந்தின நாள், பலகை இல்லாத இந்தக் கயிற்றைத்தான் அவள் புருஷன் வில்ஃப் இழுத்தான்.

"வில்ஃபே நிமிர்த்தி வச்சிட்டு மறந்துட்டான், பாவம், வயசாயிடுச்சில்ல" என்று ஊருக்குச் சொன்னவன் மணிக்குழுத் தலைவன் டெஸ்மண்ட் க்ரேக். மணி நிமிர்த்தப்பட்ட அதற்கு முந்தின சாயங்காலம் வில்ஃப் இந்தக் கோபுரத்துப் பக்கமே வரவில்லை. தன் இறைச்சிக் கடையில் கத்தியும் கையுமாக நின்றிருந்தான். ஐவி அதை ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்ச் சொன்னாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

கீழே அறுவடை விருந்து நடந்துகொண்டிருந்தது. பலிபீடத்தைச் சுற்றிப் பூசணியும் ஆப்பிளும் கோதுமைக் கதிரும். நன்றி ஜெபத்தில் பாதிரியார் அம்மா, "நம்ம கோபுரத்தை இத்தனை வருஷமா பத்திரமா பாத்துக்கற டெஸ்மண்டுக்காகவும்" என்று சொன்னபோது, எல்லோரும் ஆமென் போட்டபோது, ஐவி எழுந்துவிட்டாள். பன்றிக்கறித் தட்டைத் தள்ளிவிட்டு, முதல் மணி அடிப்பவள் என்ற உரிமையில் தன்னிடமே இருந்த சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டாள். இருப்பது இன்னும் ஒரே சாவி, அது க்ரேக்கிடம் இருந்தது. அவன் மத்தியானத்திலிருந்து கீழே மேசை போட்டுக்கொண்டிருந்தான்.

அப்படியானால் இதை நிமிர்த்தியது யார்?

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, புறா எச்சமும் பழைய எண்ணெயும் நாறும் அந்த அறையில் மேலே எங்கோ ஒரு மரச்சட்டம் பாரம் தாங்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தது, அதற்கு நடுவே, இருக்கவே கூடாத ஒரு வாசனை, வில்ஃப் கடையின் மரத்தூளும் மாட்டுக் கொழுப்பும் கலந்த வாசனை, ஒவ்வொரு ராத்திரியும் அவள் தலையணைக்குப் பக்கத்தில் வந்து படுத்த வாசனை, கயிற்றைச் சுற்றி நின்றது. கம்பளி சுற்றிய பிடியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

படியில் மூச்சிரைப்பு. க்ரேக்.

"ஐவி, என்னம்மா இது, சோத்தைப் பாதியில விட்டுட்டு? கீழ எல்லாரும் தேடறாங்க. பெரிய மணியை அடிச்சாத்தான் ஆப்பிள் கேக்கை வெட்டுவாங்க."

"இன்னிக்கு அந்த மணியையா அடிக்கப் போற?"

"ஒரு வருஷம் ஆச்சு. போதும். ஊர் கேக்குது."

"அன்னிக்கு நிமிர்த்தி வச்சது யாருன்னு கீழ போய்ச் சொல்லிட்டு அடி."

அவன் கதவைச் சாத்தினான். "சரி, நான்தான். பலகை மாட்ட மறந்துட்டேன். போதுமா? சொல்லியிருந்தா கோபுரத்தையே பூட்டியிருப்பாங்க. போனவன் போயிட்டான். இருக்கறவன் பேரையும் எதுக்குக் கெடுக்கணும்?"

"வில்ஃப் பேரு?"

"அவனுக்கு இனிமே பேரு எதுக்கு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வாய். சிரிக்கக்கூடச் செய்தது.

அவன் கோட்டைக் கழற்றினான். ஆறாவது கயிற்றடிக்குப் போனான். தரையைப் பார்க்கவில்லை. வருடக்கணக்காக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், முதலில் தரையைப் பார் என்று. பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். அவள் வாயில் இருந்தது. அதை விழுங்கினாள்.

அவன் இழுத்தான்.

மேலே வெண்கலம் புரண்டது. ஒரே ஒரு அடி. கோபுரம் அதிர்ந்தது. கீழே கைதட்டல்.

அவன் விழவில்லை.

கயிறு மேலேயே நின்றது. அவனும். கூரையோடு கூரையாக. கால்கள் காற்றை உதைத்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கயிற்றை விட முயன்றான். முடியவில்லை. அவன் கைகளுக்கு மேல் இன்னும் இரண்டு கைகள். இறுகப் பிடித்திருந்தன. வெளுத்த கைகள். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான்.

அந்தப் பாதி விரலை அவள் எத்தனை தடவை முத்தமிட்டிருக்கிறாள்.

"வில்ஃப்," என்றாள். "விட்டுடு."

விடவில்லை. அந்தக் கைகள் காத்திருந்தன. அவளுக்குப் புரிந்தது. முதல் மணிக்காரி குரல் கொடுத்து இழுக்காமல் மற்ற மணி எதுவும் தொடரக் கூடாது. வில்ஃப் ஒருநாளும் அவளை முந்தியதில்லை.

அவள் காலடியில் ஏதோ உரசியது. முதல் மணியின் கயிற்றுச் சுருள். யாரும் தொடாமல், ஒவ்வொரு சுற்றாக, தரையிலிருந்து எழுந்து மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றும் போனது, மேலே முதல் மணியும் நிமிர்ந்து நின்றது. கம்பளிப் பிடி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

கதவுக்கு ஓட வேண்டும். கால் வரவில்லை.

அவள் கைகள் போயின. பிடித்தன. வெதுவெதுப்பு.

"இன்னும் அடிங்க," என்று கீழேயிருந்து பாதிரியார் அம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.