நடுமலைக் குழியில் கரைத்த பச்சை

மேலே கரைத்த பச்சைச் சாயம் கீழே எந்த ஊற்றிலும் வரவில்லை.

உச்சிப் பாறையில் கசிந்து, புல்சரிவில் இறங்கி, இரண்டு இடங்களில் அருவியாக விழுந்து, நடுமலைக் குழி ஒன்றுக்குள் சட்டென்று மறைந்துபோகும் அந்த ஓடை மண்ணுக்கடியில் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நீர்த்துறையில் அவனுக்கு வேலை. குழியில் சாயத்தைக் கரைத்துவிட்டு அடிவார ஊற்றுகளில் காத்திருக்க வேண்டும். பச்சை தெரியும் ஊற்றுதான் ஓடையின் மறுவாய். ஒரு வாரமாக எல்லா ஊற்றும் தெளிந்தே ஓடின. நடந்து நடந்து கால் ஓய்ந்து, கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"சாய டப்பா மூடிய குழிக்குள்ள தவறவிட்டீங்களே சார், அதுதான் அடைச்சுக்கிச்சோ?" என்றார் ஜீப் ஓட்டுநர்.

"ஒரு தகர மூடி ஓடையவே அடைக்குமா? வண்டிய எடுங்க."

அடிவாரக் குடியிருப்பில் வீட்டுக் கதவைத் திறந்ததும் நனைந்த கல்லும் மக்கிய இலையுமாகக் குழியின் வாடை முகத்தில் அடித்தது. தன் காலணிதான் என்று கழற்றி வெளியே வைத்தான். வாடை போகவில்லை. நிறைமாத மனைவி சமையலறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, குழாய் எதுவும் திறந்திருக்கா பாருங்க. தண்ணி ஓடுற சத்தம் ஒரு வாரமா கேக்குது. நீங்களே அலுத்துப்போய் வர்றீங்களேன்னு சொல்லல."

அவனுக்கும் கேட்டது. அலுப்போடு எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயை இறுக்கினான், குளியலறையில் வாளியைக் கவிழ்த்தான், சுவரில் காது வைத்தான். எல்லாம் உலர்ந்து கிடந்தன. சத்தம் சமையலறையில்தான் என்று திரும்பியபோது அவள் குளியலறை வாசலுக்கு வந்து நின்றாள். சத்தமும் கூடவே வந்தது.

"உள்ள ஒரே குளிருங்க," என்றாள். "புள்ள காலையிலேருந்து உதைக்கவே இல்ல."

அவன் ஓட்டுநரைப் போனில் கூப்பிட்டான்.

"உடனே திரும்பி வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவளை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலிட்டு, குழந்தைக்குத் தினமும் குரல் கொடுக்கும் இடத்தில் காதை வைத்தான். வயிறு ஆற்றுக்கல்லாகச் சில்லிட்டிருந்தது.

இதயத்துடிப்பு இல்லை.

தண்ணீர். புல்சரிவில் இறங்கும் தண்ணீர். பிறகு ஓர் அருவி. இன்னொன்று. மலையில் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு அலுத்த அதே வரிசை. பிறகு ஆழத்தில் ஏதோ ஒரு வெறுமை.

டிங்.

கல்லில் தகரம்.

"அசையுதாங்க?"

அவன் முழங்கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். அவள் கால்களுக்கிடையே வழிந்த நீர் பச்சையாக இருந்தது. பொடிக்கற்களும் மக்கிய இலையும் அதில் மிதந்து வந்தன. அது தரையின் சரிவைக் கண்டுபிடித்தது. மேசைக் காலைச் சுற்றியது. வாசலைப் பார்த்து ஓடியது.

"நிக்க மாட்டேங்குதுங்க... என்னங்க..."

வெளியே ஜீப் ஹாரன்.

அவன் காதை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. உள்ளே தகரம் மறுபடி ஒலித்தது. தண்ணீர் உருட்டும் சத்தமில்லை அது. நின்றது. தட்டியது. நின்றது. கையில் கிடைத்த மூடியை ஒரு குழந்தை கல்லில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.