நடந்து போன கோடுகள்

எல்மாஸ் செய்த தப்பு ஒன்று மூன்று வாரமாக மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. அது தப்பு என்று அன்றைக்குக் காலை வரை எல்மாஸுக்கே தெரியாது.

அன்றைக்குக் காலை கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் மூன்று தீவுகளை விழுங்கியது. பிறகு கரையை விழுங்கியது. கடைசியில் எல்மாஸின் மாமா துர்முஷ் நடத்தும் டீக்கடைக்குப் பக்கத்தில் நின்ற பைன் மரத்தில் பாதியைத் தின்றுவிட்டு, போதும் என்று நின்றது.

மலையேறுகிறவர்களின் பாதை அந்தக் கடையை உரசிக்கொண்டுதான் போகும். மேலே கழுகுத் திட்டில் நின்றால் மூன்று தீவுகளும் ஒரே பார்வையில் தெரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். அவர்கள் வழி தப்பாமல் இருக்கப் பாறைகளில் ஒரு வெள்ளைக் கோடும், அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கோடும் தீட்டியிருக்கும்.

பத்து மணிக்கு ஓர் அம்மாள் மட்டும் தனியாகப் பனிக்குள்ளிருந்து வந்தார்.

"என் வீட்டுக்காரர் இங்க வந்தாரா? உயரமா இருப்பார். நீலத் தொப்பி."

"வரலையே தங்கச்சி. உக்காருங்க, டீ குடிங்க. வந்துருவார்" என்றார் மாமா.

"முன்னாடி போயிட்டாருங்க. நாப்பது வருஷம் புவியியல் வாத்தியாரா இருந்தவர். யார்கிட்டயும் வழி கேட்கமாட்டார்."

"கோட்டப் பாத்துப் போனா பயமில்ல."

"அதான் எனக்குப் புரியல. நான் நின்ன இடத்துல ஒரு கோடும் இல்ல. அவர் மட்டும் 'இதோ ஒண்ணு, அதோ ஒண்ணு'ன்னு சொல்லிக்கிட்டே மேல போனார். கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? 'சுஹைலா, இந்தக் கோடு இப்பதான் அங்க இருந்துச்சு'ன்னார். அப்புறம் சத்தமே இல்ல."

டீ கொண்டுவந்த எல்மாஸ் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாமா அவளிடம் ஒரு வேலை சொல்லியிருந்தார். "கீழ்வீட்டு இல்யாஸ் தன் ஆட்டுக்கெல்லாம் சிவப்புப் பூசியிருக்கான். நம்ம ஆட்டுக்கு வேற மாதிரி ஏதாவது பூசிவிடு. கலந்துபோச்சுன்னா அவன்கூட யார் மல்லுக்கட்டறது?"

பாறைகளுக்கு வண்ணம் தீட்ட வந்தவர்கள் மிச்சமான இரண்டு டப்பாக்களை எல்மாஸுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்மாஸ் எதையும் சுத்தமாகச் செய்கிற பெண். இருபத்து மூன்று கறுப்பு ஆடுகளின் விலாவிலும் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. அளவெடுத்தது போல இருந்தது.

"பட்டாளம் மாதிரி இருக்கு" என்று மாமா மெச்சினார். அவர் அந்த மலையிலேயே பிறந்தவர். பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தன் வீட்டு அடுப்படிக்குப் போக யார் பலகை பார்ப்பார்கள்?

பனியில் படுத்திருக்கும் கறுப்பு ஆடு ஒரு பாறை. வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட பாறைதான் வழி. வாத்தியார் ஆடுகளின் பின்னால் போயிருக்கிறார்.

பனி வந்தால் ஆடுகள் எங்கே போகும் என்பதும் எல்மாஸுக்குத் தெரியும். கழுகுத் திட்டுக்குக் கீழே, பாறை கூரை போல நீண்டிருக்கும் விளிம்புக்கு. ஓர் ஆடு நடக்கிற அகலம். அங்கே போகக் கூடாது என்று அவளுக்கு ஐந்து வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். சொல்லாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள்.

"பனியில வழி தப்பினவங்க ஓடைப் பக்கம்தான் இறங்குவாங்க" என்று சொல்லி மாமா தடியை எடுத்தார். "எல்மாஸ், நீ கடையப் பாத்துக்க. நாங்க கீழ போய்த் தேடறோம்."

எல்மாஸ் வாயைத் திறந்தாள். மாமா அடிக்க மாட்டார். சும்மா பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்து அவள் விழுங்கியது எச்சிலை மட்டுமல்ல, சொல்ல வந்ததையும்தான்.

விழுங்கிய வார்த்தை திரும்ப வாய்க்கு வந்தபோது இரண்டு பேரும் பனிக்குள் மறைந்துவிட்டார்கள். "மாமா" என்று கத்தினாள். மறுபடி கத்தினாள். ஓடையின் சத்தம்தான் பதில் சொன்னது. மேலே ஒருவர் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறார். எவ்வளவு நேரம் நிற்பார்?

கடையின் விலைப் பலகையைத் துடைத்துவிட்டுச் சாக்கட்டியால் பெரிதாக எழுதினாள்: 'கழுகுத் திட்டுக்குக் கீழே. ஆடுகளோடு. தப்பு என்னுடையது.'

பழக்கத்தில் உப்புப் பையை எடுத்து இடுப்பில் கட்டினாள். இரண்டு அடி வைத்ததும் அதை அவிழ்த்துக் கடைக்குள் வீசினாள். உப்பு வாசனை பட்டால் ஆடுகள் பாய்ந்து வரும். வழியில் யார் நிற்கிறார் என்றெல்லாம் பார்க்காது.

ஏற ஏறப் பனி கெட்டியானது. கையை நீட்டினால் விரல் தெரிந்தது, விரலுக்கு அப்பால் எதுவும் இல்லை. கடல் கீழே எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

காலில் ஒரு கல் இடறி உருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பிறகுதான் அடியில் 'டப்' என்றது. எல்மாஸ் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். பார்க்க அழகாக இருக்காது. பார்க்கத்தான் யாரும் இல்லையே.

ஆட்டு மணி ஒன்று கிணுகிணுத்தது. கூடவே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யாரது?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. வாத்தியார் குரல்தான், ஆனால் வகுப்பில் யாரும் அதற்குப் பயப்பட மாட்டார்கள்.

"டீக்கடை எல்மாஸ். ஐயா, அசையாதீங்க."

"அசையற எண்ணமே இல்ல பாப்பா. இங்க ஒரு இருபது கோடு இருக்கு. எல்லாம் என்னையே பாக்குது."

காற்று ஒரு நிமிடம் பனியை விலக்கியது. விலக்காமலே இருந்திருக்கலாம். பலகை அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதில் வாத்தியார் பல்லி போல ஒட்டி நின்றார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகள். கீழே ஒன்றுமில்லை. பனி மறுபடி மூடிக்கொண்டது.

எல்மாஸ் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு யோசித்தாள்.

ஆடுகள் வெளியே வந்தால்தான் அவர் வர முடியும். சாயங்காலம் கூப்பிடுவது போலக் கூப்பிட்டால் முட்டி மோதிக்கொண்டு வரும். ஓர் இடி போதும்.

"ஐயா, மெதுவா உக்காந்து, அப்படியே பாறையோட ஒட்டிப் படுங்க. தலைமாட்டுல ஒரு வேர் இப்ப தெரிஞ்சுது, அதப் புடிச்சுக்குங்க. ஆடுங்க உங்களுக்கு வெளிப் பக்கமா போகும்."

"வெளிப் பக்கம்னு இங்க ஒண்ணு இல்லையே."

"அதுங்களுக்கு இருக்கு. நீங்க கண்ண மூடிக்குங்க."

துணி உரசும் சத்தம். முனகல். "படுத்துட்டேன்."

மணி கட்டிய ஆட்டின் பெயர் கருப்பி. அது நடந்தால் மற்றவை நடக்கும். அது ஓடினால் மற்றவை ஓடும். எல்மாஸ் கூப்பிட்டாள். பயத்தில் குரல் சுண்டெலிக்குச் சொந்தமானது போல வந்தது.

"கருப்பி... வாம்மா..."

அவ்வளவு சின்னக் குரலைக் கேட்டு ஓட வேண்டும் என்று கருப்பிக்குத் தோன்றவில்லை. யாரோ காதில் ரகசியம் சொன்னது போலத் தலையைத் தூக்கிவிட்டு, நிதானமாக நடந்து வந்தது. பின்னால் அடுத்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. ஒவ்வொன்றும் எல்மாஸின் தோளை உரசிக்கொண்டு மேலே ஏறியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். இருபத்து இரண்டு.

"ஐயா, இன்னும் ஏதாவது இருக்கா?"

"கால்மாட்டுல ஒண்ணு. பெரிய தாடி."

பாஷா. கிழட்டுக் கிடா. அது யார் கூப்பிட்டும் வந்ததில்லை.

"அது கிடக்கட்டும். நீங்க தவழ்ந்து வாங்க. வேர விடாம வலது கைய முன்னாடி வைங்க. இப்ப முட்டி."

"முட்டி வரமாட்டேங்குது."

"எனக்கும் வரல, ஐயா. நான் உக்காந்தேதான் வந்தேன். கொஞ்சம் கொஞ்சமா வாங்க."

ஒரு கை. ஒரு முட்டி. ஒரு கல் நழுவி விழுந்தது. இந்த முறை எல்மாஸ் எண்ணவில்லை.

"பாப்பா, பின்னால யாரோ தள்றாங்க."

"பாஷா. நீங்க அது வழியில இருக்கீங்க."

"பெரிய ஆளா அவர்?"

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கு."

பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு கை வந்தது. எல்மாஸ் ஒரு கையால் பாறையையும் மறு கையால் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு நீலத் தொப்பி வந்தது. கடைசியாகப் பாஷா, எல்லாம் தன் ஏற்பாடு என்ற முகத்துடன் வந்தது.

அகலமான இடத்துக்கு வந்ததும் வாத்தியார் தரையில் குப்புறப் படுத்துப் புல்லைக் கட்டிக்கொண்டார். பலகையைப் படித்துவிட்டு மாமாவும் சுஹைலா அம்மாளும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

"தெகின், என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தரை நல்லா இருக்கு."

மாமா எல்மாஸைப் பார்த்தார். அவள் பயந்துகொண்டிருந்த அதே பார்வை. விளிம்பில் நின்றதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் டப்பாக்களிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

மாமா ஆடுகளைப் பார்த்தார். பக்கத்துப் பாறையில் இருந்த கோடுகளைப் பார்த்தார், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. மறுபடி ஆடுகளைப் பார்த்தார்.

"நானும்தான் மூணு வாரமா பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "எனக்கும் தோணலையே." பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அப்போதுதான் தன் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தது எல்மாஸுக்குத் தெரிந்தது.

ரோமம் வெட்ட இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் மறுநாள் காலையிலேயே மாமா கத்தரியைத் தீட்டினார். எல்மாஸ் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துக் கொடுத்தாள். கொம்பைப் பிடிக்க வந்த தெகின் வாத்தியார் பாஷாவிடம் ஓர் உதை வாங்கினார்.

மத்தியானத்துக்குள் எல்லாக் கோடுகளும் கறுப்பு மூட்டைகளாகத் தரையில் கிடந்தன. மலைச்சரிவில் இருபத்து மூன்று மொட்டை ஆடுகள் வெட்கமில்லாமல் மேய்ந்தன.

"மாமா, இப்ப இல்யாஸ் வீட்டு ஆட்டோட கலந்துட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள் எல்மாஸ்.

மாமா கத்தரியைத் துடைத்து உறைக்குள் வைத்தார்.

"மொட்டையா நிக்கிறதெல்லாம் நம்மளுது."