உடையாத படம்

காலை ஆறரை மணிக்கு மதகடியில் பிணம் ஒதுங்கியது. மணல் அள்ளிப் பிழைத்தவன். கட்டிய தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தைச் சுற்றிக் கிடந்தது.

முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு அணையைத் திறந்தார்கள். அதற்கு அரை மணி முன்பே ஆற்றங்கரைப் பலகையில் எச்சரிக்கை எழுத்து ஓடி, சங்கு ஊதியிருக்க வேண்டும். பலகை இருண்டே கிடந்தது; அதோடு இணைந்த சங்கும் ஊதவில்லை. அந்த எழுத்து, டிவி நிலையத்திலிருந்து படத்தோடு சேர்ந்து காற்றில் வருவது. அதனால்தான் பெண் இன்ஸ்பெக்டர் காலை எட்டு மணிக்கு நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் நின்றுகொண்டிருந்தார்.

சீனியர் இன்ஜினியர் ஒரு தட்டைப் பெட்டியைக் காட்டினார். "இதான் மேடம் என்கோடர். படத்தையும் எழுத்தையும் ஒண்ணாக் கட்டி அனுப்புறது. இங்க பாருங்க. டேட்டா சேனல் ஆஃப். எழுத்து போற வழியே அதுதான்."

"யார் ஆஃப் பண்ணது?"

"மெஷின் சொல்லாது. பாஸ்வேர்டு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. எனக்கும் இந்தப் பொண்ணுக்கும்."

மாலை ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டர் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் எதையும் மாத்தல மேடம். ஆறு மணிக்கு வந்தேன், ஆறரைக்கு எழுத்தை அடிச்சு அனுப்பினேன். போயிடுச்சுன்னு பச்சை காட்டுச்சு."

"பெட்டி வரைக்கும் போனாலே பச்சை காட்டும்," என்றார் சீனியர். "அந்தப் பக்கம் அடைச்சிருந்தா அதுக்கென்ன தெரியும்? செட்டிங்ஸைத் திறந்தியா இல்லையா, அதைச் சொல்லு."

அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "திறந்தேன். ராத்திரி ஆத்துலேர்ந்து, பலகை எரியலைன்னு போன் வந்தப்புறம். பாக்கத்தான் திறந்தேன், எதையும் தொடல."

"கேட்டுக்கோங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு சீனியரைப் பார்த்தார். "நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"மூணு மணிக்குச் சோதனை எழுத்து அனுப்பினேன். பலகையில ஓடுச்சு, அணைக்காரங்களே பாத்தாங்க. அப்புறம் ஆறு மணி வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு நான் எந்திரிக்கல. ஒரு ஈ காக்கா உள்ள வரல."

இன்ஸ்பெக்டர் கல்குவாரியில் வளர்ந்தவர். அங்கே பாறை சரிந்தால், பழி போட மேஸ்திரி வாயில் முதலில் வருவது அடியில் நின்றவன் பெயர்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சாட்சியமாக எழுத முடியாது. பெண்ணின் தடுமாற்றமும் நல்லதாகப் படவில்லை. இரண்டு பேரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒன்பதரை மணி. தகரக் கூரை வீடு. செத்தவனின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்கு எத்தனை மணிக்குப் போனாரும்மா?"

"சாயங்காலம் அஞ்சே முக்கா இருக்கும். எப்பவும் அஞ்சுக்கே போயி இருட்டுறதுக்குள்ள திரும்பிடுவாரு. நேத்து டிவில நாலு நாளா ஓடுற சைக்கிள் பந்தயம் பாக்க உக்காந்துட்டாரு. மத்த நாள்ல சக்கரம் வேகமெடுத்தாலே படம் கட்டம் கட்டமா உடையும். கண்டபடி திட்டிட்டுக் கிளம்பிடுவாரு. நேத்து உடையவே இல்ல. தண்ணி மாதிரி தெளிவா…"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

பத்தே கால். கண்ட்ரோல் ரூம்.

"காத்துல போறதெல்லாம் பதிவாகும்ல? முந்தாநாள் பந்தயத்தைப் போடும்மா."

ஆபரேட்டர் போட்டாள். சைக்கிள்கள் வளைவில் திரும்பியதும் படம் கட்டங்களாகச் சிதறியது.

"இப்ப நேத்து போனது."

அதே வளைவு. ஒவ்வொரு சக்கரக் கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஒரே மெஷின். நேத்து மட்டும் எப்படி?"

"மொத்த அளவு ஒண்ணுதான் மேடம். எழுத்துக்கு ஒதுக்கினது போக மிச்சம்தான் படத்துக்கு. டேட்டா சேனலை ஆஃப் பண்ணா அந்தப் பங்கும் படத்துக்கே…" அவள் நிறுத்தினாள். பதிவின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தாள். ஐந்து பத்து.

"நீ வந்தது ஆறு மணிக்கு," என்ற இன்ஸ்பெக்டர், சீனியர் பக்கம் திரும்பினார். "அஞ்சு பத்துக்கே அந்த வழி அடைச்சாச்சு. மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் இந்த ரூம்ல ஈ காக்கா வரலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விளம்பரக்காரன் நாலு நாளா உசுரை எடுத்தான் மேடம், படம் உடையுதுன்னு. ஒரு மணி நேரம்தானேன்னு அணைச்சேன். பந்தயம் முடிஞ்சதும் போட்டுடலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்."

"மறந்தது ஒரு குத்தம். காலைல இவ பேரைச் சொன்னீங்களே, அது எந்த மறதி?"

ஏட்டு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "உன் மேல ஒண்ணும் இல்ல."

அவள் நகரவில்லை. "செத்தவர் சம்சாரம் இருக்காங்களே, அந்தக்கா வீடு எங்க இருக்கு மேடம்?"

"போய் என்ன சொல்லுவே?"

"தெரியல. பச்சை காட்டுச்சுன்னு நானும் பேசாம இருந்துட்டேன். பலகை எரியுதான்னு அணைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அவங்க திட்டுறதா இருந்தா நேர்லயே திட்டட்டும்."

இன்ஸ்பெக்டர் அவளை வெளியே கூட்டிவந்து ஜீப் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு."