துடிப்பு அடங்கவில்லை

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறதென்றே ஜமால் முகமதுவுக்கு விளங்கவில்லை. குளிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டு திரிகிறார்கள். பக்கத்தில் ஒன்று அழுகினாலும் போனைவிட்டுத் தலை நிமிர்வதில்லை. ஸ்கேன் சென்டர் நிறையக் கூட்டம். அவருடைய வலது தோளிலிருந்து, விற்காமல் மறுநாளும் கொக்கியில் தொங்கும் கறியின் வாடை வீசிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

"கடை வாடைதான் அத்தா. ஒடம்புல ஊறிப்போச்சு," என்றாள் மகள் பரக்கத் நிஷா.

"கடைக்குப் போயே மாசக்கணக்காச்சு. கெட்டுப்போன கறி வாடை எனக்கா தெரியாது?"

அன்னவாசலில் கறிக்கடை. உரித்த ஆட்டைக் கொக்கியில் மாட்டும்போதுதான் தோள் ஜவ்வு அறுந்தது. பழைய ஜவ்வு நைந்துபோயிருந்ததால், செத்த யாரோ தானம் கொடுத்த ஜவ்வை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். அது பிடித்திருந்தால் மறுபடி கத்தி பிடிக்கலாம். இல்லையென்றால் இன்னொரு தரம் அறுப்பார்கள். இன்றைக்கு எடுக்கிற படம் சொல்லிவிடும்.

"பாய், ஆடாம படுங்க," என்று சொல்லி, மிஷினை ஓட்டுகிற பிரசாந்த் அவர் காதில் பஞ்சை வைத்துக் குழாய்க்குள் தள்ளினான்.

கட்டையில் வெட்டுக்கத்தி இறங்குவதுபோல் சத்தம் தலையைச் சுற்றிச் சுற்றி விழ, போக வழியில்லாத வாடை முகத்துக்கு நேரே திரண்டு நிற்க, ஆறிப்போன கொழுப்பு அண்ணத்தில் ஒட்டியதுபோல் நாக்கு வழவழத்தது.

சத்தம் நின்றது.

"ஆடிட்டீங்க பாய். படம் கலங்கிருச்சு."

"நான் ஆடலப்பா."

மறுபடியும் எடுத்தான். மறுபடியும் கலங்கியது.

"தோளை மட்டும் ஏன் பாய் ஆட்டுறீங்க?"

அறுத்த ஆடு அடங்கும்வரை அவர் தோலில் கத்தி வைத்ததில்லை. தொழில் முறை அது. உயிர் போன பிறகும் சதை துள்ளும். கொஞ்ச நேரம்தான். பிறகு அடங்கிவிடும்.

தோளுக்குள் ஒன்று துள்ளியது.

காத்திருந்தார். அடங்கவில்லை. புரண்டது. எலும்பைத் தடவியது.

ஒருவழியாகப் படம் வந்தது. டாக்டரம்மா திரையைக் காட்டினார். "நல்லா பிடிச்சிருக்குய்யா. கிழிசலே இல்ல. ஒட்டு கொஞ்சம் தடிச்சு வளந்திருக்கு, அவ்வளவுதான்."

எலும்பு உருண்டையைக் கறுப்பாக ஒன்று கவ்வியிருந்தது. அதன் நுனி ஐந்தாகப் பிரிந்திருந்தது.

"அடங்காததை வச்சுத் தச்சிருக்கீகளேம்மா."

டாக்டரம்மா சிரித்தார். "செத்து எத்தனையோ நாள் கழிச்சுத்தான் வைப்போம்யா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

எழுந்தார். "நல்லாயிருச்சுன்னுதான சொல்றாக, இன்னும் என்ன அத்தா?" என்று நிஷா பின்னாலேயே வந்தாள். படித்தவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, மூக்கா இருக்கிறது? வாசலைத் தாண்டி, வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். வலது தோள்மேல் இடது கையை வைத்து, அடங்கட்டும் என்று அழுத்திப் பிடித்தார்.

தோலுக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் மெல்ல எழும்பின. அவருடைய விரல்களுக்கு இடையில் நுழைந்து, கோத்துப் பிடித்துக்கொண்டன.